வெள்ளை மாளிகையின் மெய்க்காவலர்

ஐக்கிய அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதியான தோமஸ் ஜெபர்சன் 1801ஆம் ஆண்டிலே பதவியேற்கச் சென்றபோது, தாம் தங்கியிருந்த விடுதியிலிருந்து கொங்கிரஸ் மண்டபத்துக்கு நடந்தே சென்றார். அரசர்க்குரிய ஆடம்பரம் குடியரசின் தலைவனுக்கு ஆகாது என்பது அவரது கொள்கை. இன்று அதே பதவியில் இருப்பவரையும் அவர் குடும்பத்தாரையும், முன்னாள் ஜனாதிபதிகளையும், வருகை தரும் அந்நிய நாட்டுத் தலைவர்களையும் காப்பதற்கென ஏறக்குறைய 8,000 பேர் கொண்ட ஒரு சேவை இருக்கின்றது. அதற்கு ஆண்டுதோறும் 300 கோடி டொலர் அளவில் செலவாகின்றது. விடுதியிலிருந்து நடந்து சென்ற காலத்துக்கும் இக்காலத்துக்கும் இடையே கிடக்கும் வரலாறு வீரதீரச் செயல்களின் வரலாறு என்று பலர் எண்ணுவர். அதில் வீரமும் உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி, கேட்ட பணத்தைக் கொடுக்க மறுத்தவர்களின் வரலாறேயாகும்.

மறுத்தவர்கள் உலோபிகள் அல்லர். அவர்கள் உரோம சரித்திரத்தைப் படித்தவர்கள். சக்கரவர்த்தியைக் காக்க அமர்த்தப்பட்ட பிறிற்றோறியன் படை காலப்போக்கில் சக்கரவர்த்திகளை ஆக்கவும் அழிக்கவும் தலைப்பட்டது. கி.பி. 193ஆம் ஆண்டில் அப்படை ஒரு சக்கரவர்த்தியைக் கொன்று, சிங்காதனத்தையே ஏலத்தில் விற்றது. மெய்க்காவற் படை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே அமெரிக்கச் செனற் சபையினருக்கு இந்த ஏலம் நினைவுக்கு வந்தது. ஆட்சித் தலைவனிடம் தனக்கென ஒரு படை இருக்குமாயின் அது முதலில் அவனைக் காக்கும், பின்னர் மக்களிடமிருந்து அவனைப் பிரிக்கும், இறுதியில் மக்களுக்கு எதிராகத் திரும்பும் என்று அவர்கள் கருதினர். அச்சம் நியாயமானதே. அந்த அச்சத்துக்குக் கொடுக்கப்பட்ட விலைதான் பெரிது.

1835ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் திகதி, கொங்கிரஸ் மண்டபத்தில் ஒரு மரணச் சடங்கிற் கலந்துகொண்டு வெளியேறிய ஜனாதிபதி அன்ட்ரூ ஜாக்சனை றிச்சர்ட் லோறன்ஸ் என்ற சுவர்ப்பூச்சுத் தொழிலாளி இரு கைத்துப்பாக்கிகளால் ஒன்றன்பின் ஒன்றாகச் சுட முயன்றான். இரண்டும் வெடிக்கவில்லை. முதியவரான ஜாக்சன் தமது கைத்தடியாலேயே அவன்மீது பாய்ந்தார். காவல் முறையில் யாதொரு மாற்றமும் செய்யப்படவில்லை. துப்பாக்கி வெடித்திருந்தாலன்றிச் சபை விழித்திராது போலும்.

ஜோன் டைலர் ஜனாதிபதியாக இருந்தபோது, மாளிகைத் தோட்டத்தில் உலாவிய அவர்மீது குடிவெறியிலிருந்த ஒருவன் கல்லெறிந்தான். அதன்பின் 1842ஆம் ஆண்டில் ஒரு தலைவரும் 15 ஆட்களும் கொண்ட துணைக்காவல் ஒன்றுக்குச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அச்சட்டத்தில் ஜனாதிபதியின் பெயர் இல்லை. வாஷிங்டன் நகரிலுள்ள பொதுச் சொத்தையும் தனியார் சொத்தையும் காப்பதே அதன் நோக்கம் என எழுதப்பட்டது. அவ்வளவுக்கும் கென்ரக்கியைச் சேர்ந்த செனற்றர் கிறிற்றெண்டன், இப்பதினைந்து பேரும் நாளடைவில் ஜனாதிபதியின் அரசியற் படையாகிவிடுவர் என எதிர்த்தார். காவலை வேறு பெயரில் ஒளித்துக் கொடுக்கும் இவ்வழக்கம் அன்று தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலைத்தது.

ஆபிரகாம் லிங்கனின் கதை நேயர்கள் அறிந்ததே. உள்நாட்டு யுத்தம் நான்காம் ஆண்டை அடைந்து, கொலைமிரட்டற் கடிதங்கள் குவிந்திருந்த 1864ஆம் ஆண்டு நவம்பரிலேதான் வாஷிங்டன் பொலிஸ் படையிலிருந்து நால்வர் அவர் காவலுக்கு ஒதுக்கப்பட்டனர். நால்வர் என்றால் இரவு வேளைக்கு ஒருவர். 1865 ஏப்ரில் 14ஆம் திகதி இரவு போர்ட் நாடகசாலையில் அந்த ஒருவராக இருந்தவர் ஜோன் பார்க்கர். கடமை தவறியமைக்காக முன்னரும் பலமுறை விசாரிக்கப்பட்டவர் அவர். பூத் என்னும் நடிகன் ஜனாதிபதியின் இருக்கைக்கூடத்துக்குள் நுழைந்தபோது, வாயிலிற் பார்க்கர் இல்லை. அவர்மீது கொண்டுவரப்பட்ட குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டது. மேலும் மூன்று ஆண்டுகள் அவர் பொலிஸ் சேவையிலே இருந்தார். கொலையை ஆராய்ந்த கொங்கிரஸ் குழு, இனி வரும் ஜனாதிபதிகளைக் காப்பது எவ்வாறு என்பதற்கு ஒரு சட்டமும் இயற்றுவிக்கவில்லை.

அதே ஆண்டு ஜூலை 5ஆம் திகதி திறைசேரியின் கீழ் இரகசியச் சேவை என்ற ஒரு பகுதி நிறுவப்பட்டது. பிற்காலத்தில் உலகெங்கும் பெயர்பெற்ற சேவை இதுவே. ஆனால் அது பிறந்தது கள்ளநோட்டு அச்சிடுவோரைப் பிடிப்பதற்காக. அக்காலத்திற் புழங்கிய நாணயத்தாள்களில் மூன்றில் ஒரு பங்கு போலியானவை என்பர். பணத்தைக் காக்கப் படை அமைத்த சபை, ஆளைக் காக்க ஒன்றும் செய்யாதிருந்ததை விதியின் வேடிக்கை என்பதா, மனிதரின் வேடிக்கை என்பதா?

1881 ஜூலை 2ஆம் திகதி ஜனாதிபதி கார்பீல்ட் வாஷிங்டன் புகையிரத நிலையத்தில் சுடப்பட்டபோது அவரருகே அரசாங்கச் செயலாளர் இருந்தார். காவலர் ஒருவர்கூட இல்லை. நோயிற் கிடந்து செப்டெம்பர் 19ஆம் திகதி அவர் இறந்தார். இரு ஜனாதிபதிகள் பதினாறே ஆண்டுகளுக்குள் கொல்லப்பட்ட பின்னரும் சபை அசையவில்லை.

அசைந்தவர் ஒரு பெண்மணி. குறோவர் கிளீவ்லண்டின் இரண்டாம் பதவிக்காலத்தில், அவர் மனைவியின் விடாப்பிடியால் வெள்ளை மாளிகைப் பொலிஸாரின் தொகை 3இலிருந்து 27 ஆக உயர்ந்தது. 1894ஆம் ஆண்டில் கொலராடோப் பகுதியிற் சூதாடிகள் சிலர் அவரைக் கொல்லச் சதி செய்கின்றனர் என்ற செய்தியை ஆராயச் சென்ற இரகசியச் சேவையினர், அவ்வழியே அவருடைய காவலையும் மேற்கொண்டனர். இருவர் ஒரு குதிரை வண்டியில் ஜனாதிபதியின் வண்டிக்குப் பின்னாற் சென்றனர். எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் இதைப் பரிகசித்தன. ஜனாதிபதியே அவ்வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். கோடைகாலத்தில் அவர் குடும்பத்தைக் காக்கவும் ஆட்கள் அனுப்பப்பட்டனர். அதற்குச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. சேவைத் தலைவராயிருந்த வில்லியம் ஹேசன் 1898ஆம் ஆண்டிற் பதவி தாழ்த்தப்பட்டதற்கு, அனுமதியின்றி இக்காவலுக்கு ஆட்களை ஒதுக்கியமையும் ஒரு காரணமாக இருந்தது. ஜனாதிபதியின் குழந்தைகளைக் காத்தமை ஓர் உத்தியோகத்தருக்குக் குற்றமாயிற்று! கணக்குப் பரிசோதகரின் நோக்கில் அது குற்றமே. கள்ளநோட்டுக்கென ஒதுக்கிய பணத்தில் வேறு வேலை செய்தாரல்லவா?

ஐரோப்பாவிலோ அக்காலம் கொலைகளின் காலமாயிருந்தது. 1894இல் பிரான்சின் ஜனாதிபதியும், 1897இல் ஸ்பெயினின் பிரதம மந்திரியும், 1898இல் ஒஸ்திரியச் சக்கரவர்த்தினியும், 1900இல் இத்தாலி அரசரும் அராஜகவாதிகளின் கையால் மாண்டனர். அடுத்த ஆண்டு, 1901 செப்டெம்பர் 6ஆம் திகதி, பபலோ நகரக் கண்காட்சியிலே ஜனாதிபதி மக்கின்லி பொதுமக்களுக்குக் கைகொடுத்துக்கொண்டு நின்றார்.

அந்த மண்டபத்திற் காவலர் தொகை குறைவாயிருக்கவில்லை என்பதை இங்கே கவனித்தல் வேண்டும். இரகசியச் சேவையினர் மூவர் இருந்தனர். நகரத் துப்பறிவாளர் இருந்தனர். பீரங்கிப் படையினரும் வரிசையாக நின்றனர். ஆனால் ஜனாதிபதியின் பக்கத்தில் வழக்கமாகச் சேவையாள் நிற்கும் இடத்தைக் கண்காட்சியின் தலைவர் மில்பேர்ணுக்கு விட்டுக்கொடுக்குமாறு கேட்கப்பட்டது. சேவையாள் எதிர்ப்புறம் சென்றார். சொல்கோஸ் என்பவன் கையிற் காயம்பட்டவன்போலக் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு வரிசையில் வந்தான். கைக்குட்டைக்குள் சுழல்துப்பாக்கி இருந்தது. சுட்டவுடன் அவன்மீது பாய்ந்தவர்களுள், வரிசையில் அவனுக்குப் பின்னே நின்ற ஜேம்ஸ் பார்க்கர் என்ற ஆபிரிக்க அமெரிக்கர் ஒருவர். லிங்கனின் காவலருக்கும் இவருக்கும் பெயரின் பிற்பகுதி ஒன்றே, உறவு யாதுமில்லை. சம்பளம் பெற்ற பார்க்கர் வாயிலை விட்டகன்றார். சம்பளம் பெறாத பார்க்கர் கொலையாளியைப் பிடித்தார்.

மக்கின்லி செப்டெம்பர் 14ஆம் திகதி இறந்தார். அடுத்த ஆண்டில் இரகசியச் சேவை ஜனாதிபதியின் காவலை முழுநேரக் கடமையாக ஏற்றது. ஒதுக்கப்பட்டவர் இருவர். ஓரிடத்தில் ஒரு காவலரை இரவும் பகலும் நிறுத்துவதற்கு எத்தனை பேர் வேண்டும்? வாரத்தில் 168 மணித்தியாலங்கள் உள. ஒருவர் வாரத்துக்கு 40 மணித்தியாலம் கடமை செய்வாராயின், நால்வர் போதார். விடுமுறை, நோய், பயிற்சி என்பனவற்றையுங் கூட்டினால் ஐவர் வேண்டும். ஒரு கதவுக்கு ஐவர்! இருவரைக்கொண்டு ஒரு நாட்டுத் தலைவரைக் காத்ததாகச் சொல்வது, அவ்விருவரும் உறங்காமல் இருந்தாலன்றிப் பொருந்தாது. காவற்பணியிற் கேட்கப்படும் தொகையைக் கண்டு வெளியார் மலைப்பதற்கும், உள்ளிருப்போர் களைத்துப்போவதற்கும் காரணம் இந்தச் சிறு கணக்கே. முதல் உயிர்ப்பலியும் விரைவிலே வந்தது. 1902 செப்டெம்பர் 3ஆம் திகதி மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ற் சென்ற குதிரை வண்டிமீது ட்ராம் வண்டி மோதியது. அவரோடு சென்ற சேவையாள் வில்லியம் கிறெய்க் அவ்விடத்திலேயே மாண்டார்.

அவர் மாண்ட நாளில் அவருடைய கடமைக்குச் சட்ட ஆதாரம் இருக்கவில்லை. அந்த ஆண்டிலேயே கொங்கிரஸிற் காவல் மசோதா விவாதிக்கப்பட்டது. இராணுவத்திலிருந்து ஆட்களைத் தெரிந்து ஜனாதிபதியைக் காக்கலாம் எனச் செனற் சபை கூறியது. பிரதிநிதிகள் சபை அதை ஏற்கவில்லை. பிறிற்றோறியன் பூதம் மீண்டும் எழுப்பப்பட்டது. இரு சபைகளும் உடன்படாமற் கலைந்தன. ஒருவாறாக 1906ஆம் ஆண்டில், பல்வகைச் சில்லறைச் செலவுகளை அடுக்கிய ஒரு நிதிச் சட்டத்தினுள்ளே, ஜனாதிபதியின் உடலைக் காப்பதற்கு என்ற சில சொற்கள் நுழைக்கப்பட்டன. பணம் கிடைத்தது. அது ஓராண்டுக்குரிய பணம். அடுத்த ஆண்டு மீண்டும் கேட்கவேண்டும். அமெரிக்க ஜனாதிபதியின் காவல் இவ்வாறு ஆண்டுக்காண்டு கைநீட்டிப் பெறும் தருமமாக 45 ஆண்டுகள் நடைபெற்றது என்றால் நம்புதல் அரிது.

இடையில் 1908ஆம் ஆண்டில் ஒரு பிணக்கு எழுந்தது. அரச நிலங்களை மோசடியாற் கைப்பற்றியோரைத் துப்பறிய நீதித் திணைக்களம் இரகசியச் சேவையினரை இரவல் வாங்கி வந்தது. துப்பறிந்ததிற் கொங்கிரஸ் உறுப்பினர் சிலரும் அகப்பட்டனர். அகப்பட்டவர்களின் சபை இனி இரவல் கொடுக்கலாகாது எனப் பணத்தின் வாயிலை அடைத்தது. சட்டமா அதிபர் பொனபார்ட் தமக்கெனத் தனிப் புலனாய்வுப் பகுதி ஒன்றை அமைத்துக்கொண்டார். பழைய இரகசியச் சேவையாட்கள் சிலரையும் அதிற் சேர்த்தார். எப்.பி.ஐ. எனப் பின்னாளிற் புகழ்பெற்றது அதுவே. உளவு ஒரு வீட்டிலும் காவல் மற்றொரு வீட்டிலுமாகப் பிரிந்தன. அதன் பயன் பின்னர் தெரியவரும்.

1913இல் தெரிவுசெய்யப்பட்ட ஜனாதிபதிக்கும், 1917இல் அவர் குடும்பத்துக்கும் காவல் விரிந்தது. 1922இல் ஹாடிங்கின் வேண்டுகோளால் வெள்ளை மாளிகைப் பொலிஸ் படை தனியாக அமைக்கப்பட்டது. 1930இல் யாரென்று அறியப்படாத ஒருவன் ஜனாதிபதி ஹூவர் உணவருந்திக்கொண்டிருந்த அறைவரை தடையின்றி நடந்து வந்தபின், அப்படையும் இரகசியச் சேவையின் கீழ் வைக்கப்பட்டது.

1950 நவம்பர் 1ஆம் திகதி. வெள்ளை மாளிகை பழுதுபார்க்கப்பட்டு வந்தமையால் ட்ரூமன் எதிரேயுள்ள பிளெயர் மாளிகையில் வசித்தார். போட்டோ றிக்கோ விடுதலையை நாடிய தொறசோலா, கொல்லாசோ என்னும் இருவர் அம்மாளிகையைத் தாக்கினர். வாயிலிலிருந்த காவற்கூண்டில் நின்ற லெஸ்லி கொபெல்ற் என்ற பொலிஸ்காரர்மீது தொறசோலா நெருங்கிநின்று சுட்டான். உயிர் போகும் தறுவாயில் கொபெல்ற் துப்பாக்கியை உயர்த்தி ஒரே வெடியில் அவனைக் கொன்றார். அன்றே தாமும் இறந்தார். வேறு இரு காவலரும் காயமுற்றனர். அடுத்த ஆண்டு, 1951 ஜூலையில், ஜனாதிபதியைக் காப்பது இரகசியச் சேவையின் நிரந்தரக் கடமை என்று முதன்முறையாகச் சட்டம் கூறிற்று. லிங்கன், கார்பீல்ட், மக்கின்லி என்ற மூன்று ஜனாதிபதிகள் இறந்தும் எழுதப்படாத சட்டம், ஒரு பொலிஸ்காரர் இறந்தபின் எழுதப்பட்டது.

சட்டம் வந்தது, ஆள் வரவில்லை. 1963 நவம்பர் 22ஆம் திகதி டலஸ் நகரிற் கென்னடி கொல்லப்பட்டபின் பிரதம நீதியரசர் வாறனின் தலைமையில் அமைந்த ஆணைக்குழு, துப்பாக்கியை மாத்திரமன்றி ஆளணிப் பட்டியலையும் ஆராய்ந்தது. மிரட்டல் விடுப்போரைப் பற்றிய செய்திகளைத் திரட்டும் பாதுகாப்பு ஆராய்ச்சிப் பகுதியில் அப்பொழுது 12 நிபுணரும் 3 எழுதுவினைஞருமே இருந்தனர். அவர்களிடமிருந்த கோவைகளோ ஏறக்குறைய 50,000. கொலைக்கு முந்திய ஈராண்டுகளில் மாத்திரம் 8,709 விடயங்கள் வந்து சேர்ந்தன. பன்னிருவர் இவற்றை வாசித்து, வகுத்து, ஜனாதிபதி செல்லும் ஒவ்வோர் ஊருக்கும் அபாயமானவர் யார் யாரெனப் பட்டியல் கொடுக்கவேண்டும். டலஸ் நகருக்கு அவர்கள் கொடுக்க ஒரு பெயரும் இருக்கவில்லை.

பெயர் வேறிடத்தில் இருந்தது. ஒஸ்வால்ட் சோவியத் நாட்டுக்குச் சென்று திரும்பியவன் என்பதும், பாடசாலைப் புத்தகக் களஞ்சியத்தில் வேலை செய்கின்றான் என்பதும் டலஸிலிருந்த எப்.பி.ஐ. உத்தியோகத்தருக்குத் தெரியும். அக்களஞ்சியத்தின் சாளரத்தின் கீழேதான் ஊர்வலம் சென்றது. இரகசியச் சேவைக்கு அச்செய்தி சொல்லப்படவில்லை. சொல்லவேண்டும் என்ற விதியும் தெளிவாக இருக்கவில்லை. ஊர்வலப் பாதையிலுள்ள கட்டடங்களைச் சோதிப்பதும் அக்காலத்து வழக்கமன்று, அதற்கு ஆளுமில்லை.

ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவருமுன், 1964 ஓகஸ்டில், சேவை தன் தேவையைக் கணக்கிட்டு வரவு செலவுப் பணியகத்துக்கு அனுப்பியது. இருபது மாதங்களில் 30 லட்சம் டொலர். புதிதாக 205 ஆட்கள். அவர்களுள் 17 பேர் ஆராய்ச்சிப் பகுதிக்கு, 145 பேர் வெளியூர்க் காரியாலயங்களுக்கு, 18 பேர் பயிற்சி பெற்றபடியே வேண்டியபோது உதவும் சுழற்சிக் குழுவுக்கு, 25 பேர் உபஜனாதிபதிக்கு. இக்கணக்கில் உள்ள அந்தப் பதினெண்மர் சிறப்பாக நோக்கத்தக்கவர். காவலுக்குப் போகும் ஆள் பயிற்சிக்குப் போக இயலாது. பயிற்சிக்குப் போனால் வாயில் வெறிதாகும். இத்தொல்லையைத் தாளில் எழுதித் தீர்வு கேட்டமை நல்லறிவின் அடையாளம். ஜனாதிபதியைக் கொல்வது மத்திய அரசின் சட்டப்படி குற்றமாகவே அதுவரை வகுக்கப்பட்டிருக்கவில்லை என்ற குறையும் 1965இல் நீக்கப்பட்டது.

ஆயினும் பழைய வழக்கம் மாறவில்லை. 1968 ஜூனில் றொபேட் கென்னடி சுடப்பட்டபோது அவருக்கு இரகசியச் சேவையின் காவல் இல்லை. வேட்பாளரைக் காக்கச் சட்டம் இருக்கவில்லை. அவர் இறந்த நாளிலேயே கொங்கிரஸ் அதை நிறைவேற்றியது. கடமைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறின. அந்நியத் தூதரகங்களும் 1970இல் சேர்ந்தன. 2003இல் சேவை திறைசேரியை விட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு மாறியது.

2014 செப்டெம்பர் 19ஆம் திகதி கத்தி வைத்திருந்த ஒருவன் வேலியைத் தாண்டி ஓடி, வெள்ளை மாளிகையின் கிழக்கு மண்டபம்வரை சென்றான். சேவையின் தலைவி பதவி துறந்தார். ஆராய அமர்த்தப்பட்ட குழு 85 சேவையாட்களும் 200 சீருடைக் காவலரும் புதிதாக வேண்டும் என்றது. வேலியை உயர்த்தவும் சொல்லியது. வேலி வேலை 2019ஆம் ஆண்டிலே தொடங்கியது. ஆட்குறையை மேலதிக நேர வேலையால் ஈடுசெய்தனர். அதற்கும் ஒரு தடை இருந்தது. அரச ஊழியர் பெறும் சம்பளத்துக்கு உச்ச வரம்பு உண்டு. அதை எட்டியபின் செய்யும் வேலைக்குக் கூலி இல்லை. 2016இல் தனிச்சட்டம் இயற்றி வரம்பை அவ்வாண்டுக்கு உயர்த்தினர். 2017இலும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஆண்டு முடியுமுன்னே வரம்பைத் தொட்டனர். துப்பாக்கிக்கு முன் நிற்க உடன்பட்ட மனிதனிடம் இலவசமாகவும் நில் என்பது சிக்கனமன்று. அனுபவமிக்கோர் வேறு வேலை தேடிச் செல்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

2024 ஜூலை 13ஆம் திகதி பென்சில்வேனியாவில் பட்லர் என்னும் ஊரில் முன்னாள் ஜனாதிபதி ட்ரம்ப் பிரசங்கஞ் செய்தபோது, அண்மையிலிருந்த கட்டடக் கூரையிலிருந்து ஒருவன் சுட்டான். ட்ரம்பின் காதிற் காயம் ஏற்பட்டது. கூட்டத்திலிருந்த ஒருவர் இறந்தார்; இருவர் படுகாயமுற்றனர். பத்து நாட்களுள் சேவையின் தலைவி பதவி துறந்தார். செப்டெம்பர் மாத இறுதியிற் கொங்கிரஸ் நிறைவேற்றிய இடைக்கால நிதிச் சட்டத்தில் இரகசியச் சேவைக்கு மேலதிகமாக 23 கோடியே 10 லட்சம் டொலர் ஒதுக்கப்பட்டது. 1906இற் போலவே வேறு செலவுகளோடு சேர்த்தே அதுவும் வந்தது.

ஒக்டோபரில் சுயாதீன ஆய்வுக்குழுவின் அறிக்கை வெளியாயிற்று. எல்லையற்ற பணம் கொடுத்திருந்தாலும் அன்றைய தவறுகள் பலவற்றை அது மாத்திரம் திருத்தியிராது என்பது அதன் முடிவு. பட்லரில் இரகசியச் சேவையினரும் இருந்தனர், மாநிலப் பொலிஸாரும் உள்ளூர்ப் பொலிஸாரும் இருந்தனர். அந்தக் கூரையைக் காப்பது எவர் பொறுப்பு என்பதை மாத்திரம் எவரும் கேட்டு உறுதிசெய்திருக்கவில்லை.